இரண்டாம் பிரிவு: ஈசா டவுனிலிருந்து மெல்பேர்ண் வரை

புகலிடத்தில் வெளிவரும் எமது சஞ்சிகைகளில் உதைபந்தாட்டம் பற்றிய கட்டுரையைக் காண்பது அரிது. கோடை விடுமுறையில் நடக்கும் ஊர்ச் சங்கச் சுற்றுப்போட்டியோடும் பக்கத்தில் போடப்படும் கொத்துரொட்டிக் கடையோடும் முடிந்துவிடும் விடயமாகவே அது கருதப்படுகிறது. அரசியல் பேசுபவர்கள் மைதானத்துக்குப் போவதில்லை. மைதானத்துக்குப் போகிறவர்கள் அரசியல் பேசுவதில்லை. இந்தப் பிரிவினை எமக்கு எந்த நன்மையும் செய்யவில்லை என்பதே என் கருத்து.

ஒரு நாட்டில் யார் மேலே வைக்கப்படுகிறார்கள், யார் கீழே இறக்கப்படுகிறார்கள், இறக்கப்பட்டவர்களை யார் தாங்கிப் பிடிக்கிறார்கள் என்பதை ஓர் உதைபந்தாட்ட லீக்கின் இரண்டாம் பிரிவு ஒளிவுமறைவின்றிக் காட்டிவிடும். பஹ்ரெய்னின் இரண்டாம் பிரிவையும் அவுஸ்திரேலியாவின் இரண்டாம் படியையும் அருகருகே வைத்துப் பார்க்க இக்கட்டுரை முயல்கிறது. முதலாவது நாட்டில் கூலியாளாகவும் இரண்டாவது நாட்டில் அகதியாகவும் வாழ்ந்தவன் என்பதே இதை எழுத எனக்குள்ள தகுதி.

ஈசா டவுன்

2005இலிருந்து 2008 வரை ஈசா டவுனில் ஒரு களஞ்சியசாலையில் கணக்கெழுதும் வேலை செய்தேன். தலைநகர் மனாமாவுக்குத் தெற்கே உள்ள இந்த நகரம் தானாக வளர்ந்த ஊரல்ல. 1960களில் அரசாங்கம் திட்டம் போட்டு, வரிசை வரிசையாக வீடுகள் கட்டி, 1968இல் திறந்து வைத்தது. அப்போதைய ஆட்சியாளர் ஷேக் ஈசா பின் சல்மான் அல் கலீபாவின் பெயரே நகரத்துக்கும் சூட்டப்பட்டது. வளைகுடாவை விட்டு வெளியேறப் போவதாகப் பிரித்தானியா அறிவித்ததும் அதே 1968இல்தான். பஹ்ரெய்ன் சுதந்திர நாடானது 1971 ஓகஸ்டில். ஆக, நாடு பிறப்பதற்கு முன்பே அந்த நாட்டின் மாதிரியாகக் கட்டப்பட்ட ஊர் என்று ஈசா டவுனைச் சொல்லலாம். எம்மவர்களுக்கும் இந்தியத் தமிழர்களுக்கும் அது இந்தியன் ஸ்கூல் இருக்கும் இடம், பழைய பொருட்கள் விற்கும் சந்தை உள்ள இடம். பஹ்ரெய்னியர்களுக்கோ அது மைதானம் உள்ள இடம்.

1970 மார்ச் 27இல் முதலாவது வளைகுடாக் கிண்ணப் போட்டி இங்குதான் தொடங்கியது. பஹ்ரெய்ன், குவைத், கட்டார், சவூதி அரேபியா என நான்கே அணிகள். முதலாவது ஆட்டத்தில் பஹ்ரெய்ன் கட்டாரை 2-1 என்று வென்றது. கிண்ணத்தைக் கொண்டு போனது குவைத். சுதந்திரம் அடையாத ஒரு தீவு, கொடியோடும் அணியோடும் அயல் நாடுகளை வரவேற்று, தானும் ஒரு நாடுதான் என்று அறிவித்த நிகழ்ச்சி அது. உதைபந்தாட்டம் அரசியலுக்கு வெளியே நிற்கிறது என்று சொல்பவர்கள் இந்த ஒரு வாரத்தை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆனால் பஹ்ரெய்னில் பந்து அரசை விட மூத்தது. முஹரக் கழகம் 1928இல் தோன்றியது. எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது 1932இல். அதன் பின்னர் ஊருக்கு ஊர் கழகங்கள் எழுந்தன. மீன்பிடிக் கிராமத்துக்கு ஒன்று, பேரீச்சந் தோட்டக் கிராமத்துக்கு ஒன்று. யாழ்ப்பாணத்தில் நாவாந்துறைக்கு சென். மேரீஸ் எப்படியோ, குருநகருக்குப் பாடுமீன் எப்படியோ, அப்படித்தான் மால்கியாவுக்கும் சித்ராவுக்கும் அவற்றின் கழகங்கள். கழகம் தோற்றால் ஊரே சாப்பிடாமல் படுக்கும். இந்தக் கிராமங்கள் பெரும்பாலும் ஷியாக்களுடையவை. ஆளும் குடும்பம் சுன்னி. இதைச் சொல்லாமல் பஹ்ரெய்னின் லீக்கைப் பற்றிப் பேச முடியாது.

ஏறுவதும் இறங்குவதும்

இரண்டாம் பிரிவின் விதி எளிமையானது. மேற்பிரிவில் கடைசியில் நிற்பவர் இறங்க வேண்டும்; கீழ்ப்பிரிவில் முதலில் நிற்பவர் ஏறலாம். ஈசா டவுனின் பெயரைத் தாங்கிய கழகமும் இந்தக் கீழ்ப்பிரிவில் ஆடி வந்த ஒன்று. வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் எங்களுக்கு வேறு போக்கிடம் இல்லாதபடியால் இத்தகைய ஆட்டங்களைப் பார்க்கப் போவோம். பார்ப்பவர்கள் ஆடுபவர்களை விடச் சற்று அதிகமாக இருந்தால் பெரிய விடயம். பகலில் கந்தோரிலோ பட்டறையிலோ வேலை செய்துவிட்டு வந்து ஆடும் பொடியன்கள் அவர்கள். அவர்களின் தகப்பன்மார் பிளாஸ்க்கில் தேநீர் கொண்டு வந்து, எங்களுக்கும் ஊற்றித் தருவார்கள்.

என்னோடு வேலை செய்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் அங்கே ஒருநாள் சொன்னார்: "அண்ணே, இவனுங்க இறங்கினா அடுத்த வருசம் ஏறிக்கலாம். நாம ஏறுறதுக்கு எந்த டிவிசன்ல ஆடணும்?"

பகிடியாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் உண்டு. 1963ஆம் ஆண்டின் பஹ்ரெய்ன் பிரஜாவுரிமைச் சட்டப்படி, அரபியர் அல்லாத ஒருவர் தொடர்ச்சியாக 25 வருடங்கள் அங்கு வாழ்ந்திருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். அரபியருக்கு 15 வருடங்கள். விண்ணப்பித்தாலும் கிடைக்கும் என்ற உத்தரவாதம் கிடையாது. குடித்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் வெளிநாட்டவர்களாக உள்ள நாடு அது. எங்கள் கடவுச்சீட்டுகள் முதலாளியின் இரும்புப் பெட்டிக்குள் கிடந்தன. வேலை முடிந்தால் விசா முடிந்தது. விசா முடிந்தால் நாடு முடிந்தது.

உதைபந்தாட்டக்காரர்களுக்கு மட்டும் இந்தப் படி வேறு விதமாக இருந்தது. நைஜீரியாவில் பிறந்த ஜேசி ஜோன், அப்துல்லா பதாடி போன்றவர்கள் 2000களின் நடுப்பகுதியில் பஹ்ரெய்ன் பிரஜைகளாகி தேசிய அணிக்கு ஆடினார்கள். அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. ஏழை நாட்டு இளைஞர்கள் தம் காலை விற்றுப் பிழைத்தார்கள். அதே வெயிலில் அதே நாட்டுக்கு முதுகை விற்றவர்களுக்கு அந்தச் சந்தை ஏன் மூடியிருந்தது என்பதே என் கேள்வி.

தேசிய அணி அந்த வருடங்களில் உலகக் கிண்ணத்தின் வாசல்வரை இரண்டு தடவை போய்த் திரும்பியது. 2005 நவம்பர் 16இல் சொந்த மண்ணில் டிரினிடாட் அண்ட் டுபாகோவிடம் 0-1 என்று தோற்றது. அன்றிரவு எங்கள் தேநீர்க்கடையில் தமிழன், மலையாளி, வங்காளி எல்லோரும் பஹ்ரெய்னுக்காகத் துக்கம் காத்தார்கள். 2009 நவம்பரில் வெலிங்ரனில் நியூசிலாந்திடம் மீண்டும் 0-1. அந்த ஆட்டத்தில் கிடைத்த பெனால்ரியைத் தவறவிட்டவர் சயீத் முகமட் அட்னான். நாடு அவரை மன்னித்தது. இரண்டு வருடங்களுக்குள் அதே அட்னானை அரசு கைது செய்யும் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

கோல் போடாமல் இறக்கப்பட்டவர்கள்

2011 பெப்ரவரி 14இல் பஹ்ரெய்னில் கிளர்ச்சி தொடங்கியது. மக்கள் முத்துச் சதுக்கத்தில் கூடினார்கள். மார்ச் 14இல் சவூதி தலைமையிலான படைகள் பாலத்தைக் கடந்து வந்தன. அடுத்த நாள் அவசரகாலச் சட்டம். மார்ச் 18இல் சதுக்கத்தின் நடுவில் நின்ற முத்துச் சின்னமே இடித்துத் தள்ளப்பட்டது. ஊர்வலங்களில் விளையாட்டு வீரர்களும் கலந்துகொண்டிருந்தார்கள். ஏப்ரலில் அவர்கள் தேடிப் பிடிக்கப்பட்டார்கள். 2004 ஆசியக் கிண்ணத்தில் ஈரானின் அலி கரீமியோடு சமமாக அதிக கோல்கள் போட்ட ஆலா ஹுபைல், அவரது சகோதரர் முகமட் ஹுபைல், அட்னான் ஆகியோர் கைதானவர்களுள் அடங்குவர். அட்னான் பின்னர் அவுஸ்திரேலியா வந்து பிரிஸ்பேன் றோர் அணிக்கு ஆடினார்.

தனிநபர்களோடு விடயம் நின்றுவிடவில்லை. கலவரச் சூழலில் ஆட மறுத்த கிராமத்துக் கழகங்களான மால்கியாவுக்கும் அல் ஷபாப்புக்கும் அபராதமும், இரண்டாம் பிரிவுக்கு இறக்கமும் தண்டனையாக விதிக்கப்பட்டன.

இதை வாசகர்கள் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். லீக் அட்டவணையின் ஒரேயொரு நேர்மை, அது கோல்களை மட்டும் எண்ணும் என்பதுதான். பணக்காரக் கழகமானாலும் தோற்றால் இறங்கத்தான் வேண்டும். அந்த நம்பிக்கையில்தான் வெறும் மைதானத்தில் பிளாஸ்க்கோடு ஒரு தகப்பன் குந்தியிருக்கிறார். புள்ளிகளால் இறங்கவேண்டியதைக் கட்டளையால் இறக்கியபோது, இரண்டாம் பிரிவு போட்டியின் ஒரு படி என்ற நிலையிலிருந்து ஒரு தண்டனைக் கூடமாக மாறியது. பணத்துக்கும் அந்தப் படி வேறாகத்தான் இருக்கிறது. 2020இல் தொடங்கப்பட்ட அல் கல்தியா என்ற கழகம் 2023இல் பஹ்ரெய்னின் சம்பியனாகிவிட்டது. தலைமுறை தலைமுறையாக ஆடிவரும் கிராமத்துக் கழகங்கள் ஏறியும் இறங்கியும் அங்கேயே நிற்கின்றன.

பிரஜாவுரிமைக்கும் இதே கதைதான். 2012 நவம்பரில் 31 பேரின் பிரஜாவுரிமையைப் பஹ்ரெய்ன் அரசு ஒரே அறிவித்தலில் பறித்தது. இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் 1948இல் மலையகத் தமிழர்கள் நாடற்றவர்களாக்கப்பட்ட வரலாற்றைப் படித்த எமக்கு இந்த முறை புதிதல்ல. கொடுக்கும் கையே பறிக்கவும் செய்யும் என்றால், கொடுக்கப்பட்டது உரிமையல்ல, சலுகை.

ஹக்கீமின் மாலைப்பொழுது

அதே 2012 நவம்பரின் 3ஆம் திகதி மாலை, அல் ஷபாப் கழகம் புசைதீன் கழகத்துடன் ஆடியது. ஆட்டம் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பாகியது. அல் ஷபாப்பின் பின்வரிசையில் ஆடியவர் ஹக்கீம் அல் அரைபி. அன்று மாலை ஒரு பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டது. தாக்கியவர்களில் ஹக்கீமும் ஒருவர் என்பது வழக்கு. தான் அந்த நேரத்தில் நாடே பார்க்க ஆடிக்கொண்டிருந்ததாக அவர் சொன்னது எடுபடவில்லை. காவலில் தன் கால்களில் அடித்ததாகவும், இனிப் பந்து விளையாட முடியாதபடி செய்வோம் என்று மிரட்டியதாகவும் அவர் பின்னர் கூறினார். பஹ்ரெய்ன் அதிகாரிகள் சித்திரவதைக் குற்றச்சாட்டை மறுத்தனர். 2014இல், அவர் இல்லாத நிலையில், நீதிமன்றம் 10 வருடச் சிறை விதித்தது. அவர் தப்பி அவுஸ்திரேலியாவுக்கு வந்தார். 2017 நவம்பரில் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டார்.

இடையில், 2016இல், பஹ்ரெய்ன் உதைபந்தாட்டச் சங்கத்தின் முன்னாள் தலைவர் ஷேக் சல்மான் பின் இப்ராஹிம் அல் கலீபா உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபாவின் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார். 2011இல் வீரர்கள் நசுக்கப்பட்டபோது அவர் பேசாமல் இருந்தார் என்று ஹக்கீம் பகிரங்கமாகச் சொன்னார். வீரர்களுக்கு எதிரான நடவடிக்கைகளில் தனக்குப் பங்கில்லை என்பது ஷேக் சல்மானின் பதில். அவர் அந்தத் தேர்தலில் தோற்றார். ஆனால் 2013இலிருந்து வகித்து வந்த ஆசியச் சம்மேளனத் தலைவர் பதவி அவரிடமே இருந்தது.

அகதிகளின் லீக்

மெல்பேர்ணில் ஹக்கீம் ஆடிய கழகம் வடக்குப் புறநகரான பாஸ்கோ வேலினுடையது. அது ஆடியது ஏ-லீக்குக்கு அடுத்த படியான விக்ரோரியா மாநில நேஷனல் பிறீமியர் லீக்கில். இந்தப் படிக்கு ஒரு வரலாறு உண்டு. மெல்பேர்ணில் வாழும் எம்மவர்களிலும் அதை அறிந்தவர்கள் குறைவு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1947இலிருந்து 1953 வரை, ஐரோப்பாவின் அகதி முகாம்களிலிருந்து ஏறக்குறைய 170,000 பேரை அவுஸ்திரேலியா எடுத்தது. பின்னர் கிரேக்கர்களும் இத்தாலியர்களும் வேலை தேடி வந்தார்கள். இவர்கள் தங்கள் மொழி பேசவும், வேலைக்கு ஆள் பிடிக்கவும், பிள்ளைக்குப் பெண் பார்க்கவும் கட்டிய இடங்கள்தான் உதைபந்தாட்டக் கழகங்கள். கிரேக்கருக்கு சவுத் மெல்பேர்ண் ஹெலாஸ், மக்கெடோனியருக்கு பிரெஸ்ரன் மக்கெடோனியா, குரோசியருக்கு மெல்பேர்ண் குரோசியா. உள்ளூர் வெள்ளையர்கள் இந்த விளையாட்டையே வந்தேறிகளைத் திட்டும் சொல்லால் அழைத்தார்கள்.

1977இல் தேசிய லீக் தொடங்கியபோது இந்தக் கழகங்களே அதன் முதுகெலும்பாக நின்றன. 1990களில் அவற்றின் இனப் பெயர்களையும் சின்னங்களையும் கைவிடும்படி மேலிடம் உத்தரவிட்டது. குரோசியா 'நைற்ஸ்' ஆனது, மக்கெடோனியா 'லயன்ஸ்' ஆனது. 2004இல் அந்த லீக்கே மூடப்பட்டது. 2005இல் பிறந்த ஏ-லீக்கில் இந்தப் பழைய புலம்பெயர் கழகங்களுக்குப் பெரும்பாலும் இடமிருக்கவில்லை. கீழிருந்து ஏறி வரும் வழியும் அங்கு கிடையாது. இடத்தைப் பணம் கொடுத்து வாங்க வேண்டும். 2000 ஜனவரியில் பிரேசிலில் மன்செஸ்ரர் யுனைரெட்டுக்கு எதிராக ஆடிய சவுத் மெல்பேர்ண், அதன் பின் மாநில லீக்கில் ஆட வேண்டியிருந்தது. 2025 ஒக்ரோபரில்தான் 'அவுஸ்திரேலியன் சம்பியன்ஷிப்' என்ற பெயரில் தேசிய மட்டத்தில் இரண்டாம் படிக்கு ஒரு போட்டி தொடங்கியது. சவுத் மெல்பேர்ணும் பிரெஸ்ரன் லயன்ஸும் அதில் ஆடின. அதிலும் ஏ-லீக்குக்கு ஏறும் வாய்ப்பு வைக்கப்படவில்லை.

ஆக, பஹ்ரெய்னில் கட்டளையால் இறக்கப்பட்ட கழகம் ஒன்றின் வீரர், அவுஸ்திரேலியாவில் ஏறும் வழி அடைக்கப்பட்ட ஒரு படியில் வந்து சேர்ந்தார். அகதிகளும் குடியேறிகளும் கட்டிய படி அது.

76 நாட்கள்

2018 நவம்பர் 27இல் ஹக்கீம் தன் மனைவியோடு தேன்நிலவுக்காகப் பாங்கொக் விமான நிலையத்தில் இறங்கினார். பஹ்ரெய்ன் கேட்டு இன்ரர்போல் வெளியிட்ட சிவப்பு அறிவித்தலைக் காட்டி அங்கேயே கைது செய்தார்கள். அகதியாக ஏற்கப்பட்டவருக்கு எதிராக, அவர் தப்பி வந்த நாடு அத்தகைய அறிவித்தலைப் பெற முடியாது என்பது இன்ரர்போலின் சொந்த விதி. சில நாட்களில் அறிவித்தல் மீளப்பெறப்பட்டது, கைது மீளப்பெறப்படவில்லை. அவரது வருகையைத் தாய்லாந்துக்குத் தெரிவித்தது அவுஸ்திரேலியப் பொலிசாரே என்பதும், அவர் அகதி என்ற தகவலை எல்லைக் காவல் பிரிவு உரிய நேரத்தில் அனுப்பவில்லை என்பதும் பின்னர் வெளிவந்தன. பயண ஆவணத்தை வைத்துக்கொண்டு உலகம் சுற்றலாம் என்று எண்ணும் எம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தாய்லாந்து 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் கையெழுத்திடாத நாடு. பாங்கொக்கின் தடுப்பு முகாமை ஈழத் தமிழ் அகதிகளும் நன்கு அறிவார்கள்.

அவர் சிறையிலிருந்த அந்த ஜனவரியில் ஆசியக் கிண்ணம் ஐக்கிய அரபு அமீரகத்தில் நடந்துகொண்டிருந்தது. ஆசியச் சம்மேளனம் வெகு நாட்கள் வாய் திறக்கவில்லை. ஷேக் சல்மான் மேற்காசிய விவகாரங்களிலிருந்து ஏற்கெனவே விலகியிருப்பதாக விளக்கமளித்து, கடைசியில் இந்தியாவின் பிரபுல் பட்டேலின் பெயரில் பேசியது. பேசியவர்கள் வேறு ஆட்கள். அவுஸ்திரேலிய தேசிய அணியின் முன்னாள் தலைவர் கிறெய்க் பொஸ்ரர் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு பாங்கொக்குக்கும் சூரிச்சுக்கும் அலைந்தார். வீரர்களின் தொழிற்சங்கங்கள் எழுந்தன. பாஸ்கோ வேல் கழகத்தவர்கள் தங்கள் பின்வரிசைக்காரனைத் திருப்பிக் கேட்டார்கள். பெப்ரவரி 4இல் காலில் சங்கிலியோடு நீதிமன்றத்துக்கு இழுத்து வரப்பட்ட ஹக்கீம், தன்னைப் பஹ்ரெய்னுக்கு அனுப்ப வேண்டாம் என்று கத்திய படம் உலகமெங்கும் போனது. பெப்ரவரி 11இல் பஹ்ரெய்ன் தன் கோரிக்கையைக் கைவிட்டது. 76 நாட்கள். அடுத்த நாள் மெல்பேர்ண் திரும்பினார். மார்ச் 12இல் அவுஸ்திரேலியப் பிரஜையானார்.

எமக்கு என்ன?

அவர் விளையாட்டு வீரர். ஆகவே உலகம் அழுதது. சாதாரண அகதிக்கு யார் அழுவார்கள் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அவர் பெரிய நட்சத்திரமல்ல. கைதாகும் வரை மெல்பேர்ணிலேயே அவர் பெயரைச் சில நூறு பேருக்குத்தான் தெரிந்திருக்கும். தேசிய அணிக்கு ஆடிய ஆலா ஹுபைலை அவரது புகழ் 2011இல் காப்பாற்றவில்லை. ஹக்கீமை மீட்கும் போராட்டத்தின் முதற் கண்ணி அவரது புகழ் என்று நான் கருதவில்லை. கிழமைதோறும் ஒப்பம் வைக்கும் ஒரு பயிற்சிக் குழு, பெயர் பதிந்த ஒரு கழகம், அந்தக் கழகம் சேர்ந்திருக்கும் ஒரு சங்கம், அதற்கு மேல் ஒரு தொழிற்சங்கம் என்று கையோடு கை கோத்த ஒரு தொடர் இருந்தது. ஒரு முனையில் இழுத்தபோது மறுமுனை அசைந்தது.

பந்தே இல்லாமலும் இது நடந்திருக்கிறது. குவீன்ஸ்லாந்தின் பிலோவீலா என்ற சிற்றூரில் வாழ்ந்த எமது தமிழ்க் குடும்பம் ஒன்றை 2018 மார்ச்சில் விடியற்காலையில் தூக்கிச் சென்றார்கள். தகப்பன் அந்த ஊர் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை செய்தவர். 2019 ஓகஸ்டில் நாடுகடத்த ஏற்றிய விமானத்தை நீதிமன்ற உத்தரவு டார்வினில் இறக்க வைத்தது. பிறகு கிறிஸ்மஸ் தீவு. நான்கு வருடங்களுக்கு மேலாக அந்த ஊரின் வெள்ளைக்கார அயலவர்கள் விடவில்லை. 2022 ஜூனில் குடும்பம் பிலோவீலாவுக்குத் திரும்பியது. அவர்களைத் தாங்கியதும் தெரிந்த முகங்களின் ஒரு சிறு வட்டம்தான்.

இப்போது எமது கழகங்களைப் பார்ப்போம். ஊருக்கு ஒன்று, பாடசாலைக்கு ஒன்று, பிரிந்தால் இன்னொன்று. கோடையில் கிண்ணம், மாரியில் இராப்போசனம். பந்து நன்றாகவே ஆடுகிறோம். ஆனால் அந்தக் கழகங்களில் எத்தனை, வேற்று இனத்தவர் ஆடும் உள்ளூர் லீக்கில் பதிந்தவை? விசா நிராகரிக்கப்பட்ட ஒரு பொடியன் பயிற்சிக்கு வருவதை நிறுத்தினால், ஏன் வரவில்லை என்று விசாரிக்க ஆளுண்டா? அவனுடைய வழக்கறிஞரின் தொலைபேசி இலக்கம் செயலாளரிடம் இருக்கிறதா? ஒரு இரவில் அவனைத் தடுப்பு முகாமுக்குக் கொண்டு போனால், மறுநாள் காலை கழகத்தின் பெயரில் ஒரு கடிதம் போகுமா?

எம்மில் பெரும்பாலானோர் எந்த நாட்டிலும் முதலாம் பிரிவில் ஆடப் போவதில்லை. அதில் வெட்கப்பட எதுவுமில்லை. கீழ்ப்பிரிவில் ஆடுபவர்களுக்கு ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடும் வசதி உண்டு. அந்த வசதியை நாம் பயன்படுத்துகிறோமா என்பதே பிரச்சினை. ஊர்ப் பெயரில் தனித்தனியே ஆடுவதா, உள்ளூர் லீக்குகளுக்குள் போவதா, இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியுமா என்பது பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு என்பதை மேலே எழுதியவற்றிலிருந்து வாசகர்கள் ஊகித்திருப்பார்கள். மாற்றுக் கருத்துள்ளவர்கள், குறிப்பாகக் கழகங்களை நடத்துபவர்கள், அடுத்த இதழில் எழுத வேண்டும்.